முப்பத்தொன்றாம் நம்பர் போர்வெல்

மடிக்கணினிக்குப் பொன்னாடை போர்த்திய பள்ளிக்கூடம் உலகத்திலேயே எங்களுடையது ஒன்றாகத்தான் இருக்கும். வேறெங்காவது நடந்திருந்தால் சொல்லுங்கள், இரண்டு பள்ளிகளும் சேர்ந்து ஒரு சங்கம் ஆரம்பிக்கலாம்.

நான் அன்னூர்ப் பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. ஒன்பதாம் வகுப்புக்கு வகுப்பாசிரியையும் நான்தான். ஒரு பயிற்சி முகாமில், வெளிநாட்டு வகுப்பு ஒன்றோடு நம் வகுப்பைச் சேர்த்து ஒரு திட்டம் நடத்தலாம், விருப்பமுள்ளவர்கள் பெயர் கொடுங்கள் என்றார்கள். விவரம் தெரிந்தவர்கள் எல்லாரும் சட்டென்று குனிந்து கைபேசியைப் பார்க்க ஆரம்பித்தார்கள். நான் மட்டும் அசடுபோல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். என் பெயரை எழுதிக்கொண்டார்கள்.

எங்களுக்கு வாய்த்தது நெதர்லாந்தில் ஒரு சின்ன ஊர். அங்கே புவியியல் சொல்லித் தரும் ஆசிரியர் எவ்வளவு உயரம் என்றால், திரையில் அவர் நெற்றி எப்போதும் வெளியேதான் இருக்கும். அவரிடம் படிக்கும் பதினான்கு வயதுப் பிள்ளைகள் இருபத்து நான்கு பேர். அவர்கள் ஊர் கடல் மட்டத்துக்குக் கீழே இருக்கிறதாம். இரவும் பகலும் பம்பு வைத்துத் தண்ணீரை வெளியே இறைத்துக் கொட்டாவிட்டால் ஊர் முழுகிவிடும். எங்கள் ஊரில் இரவும் பகலும் பம்பு ஓடினாலும் தொட்டி நிறையாது. ஆகவே தலைப்பைத் தேடி அலையவில்லை. காலுக்குக் கீழே எத்தனை அடியில் தண்ணீர் இருக்கிறது என்று இரண்டு வகுப்பும் தங்கள் ஊரில் கணக்கெடுத்து, இணையத்தில் ஒரே அட்டவணையில் பதிய வேண்டும். அவர்கள் அதை வரைபடமாக்குவார்கள். நாங்கள் விளக்கம் எழுதுவோம்.

முதல் வீடியோ அழைப்பு எங்கள் மதியம் ஒன்றரை மணிக்கு. அவர்களுக்குக் காலை ஒன்பது. நாற்பது நிமிடம். பிள்ளைகள் ஒருவரோடொருவர் பேசிப் பழகட்டும் என்பது ஏற்பாடு. எங்கள் தலைமையாசிரியருக்கு இந்த ஏற்பாடு பிடிக்கவில்லை.

"டீச்சர், ஊடு தேடி வந்தவங்களுக்கு ஒரு மரியாதை பண்ணாம உட்டா நல்லாருக்குங்களா?" என்றார்.

"சார், அவங்க வரலைங்க. திரையிலதான் தெரிவாங்க."

"எதுல வந்தா என்னங்க? விருந்தாளி விருந்தாளிதான்."

இறைவணக்கம் பாடினோம். வரவேற்புரை நடந்தது. பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் நெதர்லாந்தின் பால் மாடுகளைப் பற்றி எட்டு நிமிடம் தமிழில் பேசினார். பிறகு தலைமையாசிரியர் எழுந்து, விருந்தாளிகளை நேரில் கௌரவிக்க முடியாத குறைக்கு, மடிக்கணினிக்கு ஒரு பொன்னாடையைப் போர்த்தினார். கேமரா மூடிக்கொண்டது. "உங்களுக்கு மின்சாரம் போய்விட்டதா?" என்று உள்ளேயிருந்து உயரமானவரின் குரல் கவலையோடு கேட்டது. பொன்னாடையை விலக்கிப் பார்த்தபோது பிள்ளைகளுக்கு மிச்சம் இருந்தது மூன்று நிமிடம். எங்கள் பெண்ணொருத்தி மைக்கைப் பிடித்து ஆங்கிலத்தில் முதல் கேள்வி கேட்டாள்: "சாப்பிட்டீங்களா?" இன்னும் இல்லை, காலை வேளை அவசரம் என்றார்கள். உடனே விருந்தாளிகளுக்கென்று வாங்கிய போண்டாத் தட்டைக் கேமராவுக்கு நேரே தூக்கிக் காட்டினோம். பிறகு அவர்கள் சார்பில் நாங்களே சாப்பிட்டோம்.

அடுத்த வாரம் அவர்கள் ஒரு காணொளி அனுப்பினார்கள். பல்லில் கம்பி போட்ட ஒரு பையன் பள்ளித் தோட்டத்தில் மண்வெட்டியால் நாலு வெட்டு வெட்டுகிறான். இரண்டடி ஆழத்தில் தண்ணீர் ஊறி நிற்கிறது. அவ்வளவுதான் காணொளி. என் வகுப்பு அதைப் பதினொரு தடவை பார்த்தது.

"ஏனுங்க டீச்சர், அந்தத் தண்ணிய இப்புடிக்கா தாட்டி உடச் சொல்லக் கூடாதுங்களா?" என்றாள் ஒருத்தி. வகுப்பில் ஒரே சிரிப்பு. எனக்கும் சிரிப்பு வந்தது.

எங்கள் முறை வந்தது. ஆளுக்கு இரண்டு வீடு போய், போர்வெல் எத்தனை அடி, தண்ணீர் எத்தனை இஞ்ச் என்று கேட்டு எழுதி வரச் சொன்னேன். குழாயிலிருந்து கொட்டும் தண்ணீரின் கனத்தை எங்கள் பக்கம் இஞ்சில்தான் சொல்வார்கள். ஒரு இஞ்ச் என்றால் சமாளிக்கலாம். இரண்டு இஞ்ச் என்றால் ஆள் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தி நடப்பார்.

நான் இந்த மண்ணில் பிறந்து வளர்ந்தவள். எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். எங்கள் ஊரில் ஒரு மனிதனிடம் அவன் சம்பளத்தைக் கேட்கலாம், சர்க்கரை அளவைக் கேட்கலாம், மருமகளோடு ஏன் பேச்சுவார்த்தை இல்லை என்றுகூடக் கேட்கலாம். போர்வெல் எத்தனை அடி என்று கேட்டால் மட்டும் உண்மை வராது. அறுநூறு அடியில் தண்ணீர் கிடைத்தது என்று சொன்னால் பக்கத்துத் தோட்டத்துக்காரர் அடுத்த வாரமே வேலியோரமாக அறுநூறு அடி போட்டு உறிஞ்சிவிடுவார். அதனால் அவரிடம் வறண்டுவிட்டது என்று சொல்ல வேண்டும். பெண் பார்க்க வருகிறவர்களோ ஜாதகத்துக்கு முன்னால் போர்வெல்லைத்தான் கேட்பார்கள். அவர்களிடம் மூன்று இஞ்ச் என்று சொல்ல வேண்டும். இரண்டும் ஒரே குழாயைப் பற்றித்தான். ஊர் முழுக்க இப்படித்தான் என்பதால் எவர் சொல்வதையும் எவரும் நம்புவதில்லை. வறண்டுவிட்டது என்றால் தண்ணீர் இருக்கிறது என்றும், நிறைய இருக்கிறது என்றால் கடன்காரன் பேச்சு என்றும் எடுத்துக்கொள்வோம்.

எங்கள் தோட்டத்துக்கு வேலி தாண்டி இருக்கும் பக்கத்துத் தோட்டத்துக்காரரிடம் மட்டும் தற்செயலாக மூன்று பிள்ளைகள் தனித்தனியே போயிருக்கிறார்கள். மூவரையும் உட்கார வைத்து, மோர் கொடுத்து, 'நல்லாப் படிக்கோணும் கண்ணு' என்று வாழ்த்தி அனுப்பியிருக்கிறார். ஒருத்திக்கு ஐந்நூறு அடி, மூன்று இஞ்ச். இன்னொருத்திக்கு எண்ணூறு அடி, சொட்டுத் தண்ணீர் இல்லை. மூன்றாமவனுக்கு, 'அதெல்லாம் ஆருங்க கண்ணு அளந்து பாத்தா?'

அட்டவணையைப் பார்த்த உயரமானவர், ஒரே கிணற்றுக்கு ஏன் மூன்று ஆழம் என்று பணிவாகக் கேட்டு எழுதினார். தலைமையாசிரியரிடம் காட்டினேன். "சராசரி எடுத்துப் போட்டுருங்க டீச்சர்," என்றார்.

எனக்கு வந்த கோபத்தில் வகுப்புக்குப் போய் அரைமணி நேரம் நேர்மையைப் பற்றி முழங்கினேன். தப்பான எண்ணை வைத்துக்கொண்டு விஞ்ஞானம் பேசினால் நாலு நாடு சிரிக்கும் என்றேன். பிறகு, முன்மாதிரியாக இருக்கட்டுமே என்று, எங்கள் வீட்டுப் போர்வெல்லை நானே கரும்பலகையில் எழுதினேன்: நானூற்று முப்பது அடி, இரண்டு இஞ்ச். அட்டவணையில் அதற்கு முப்பத்தொன்றாம் நம்பர். "பாத்தீங்களா? நான் சொல்லலியா? என்ன குறைஞ்சு போச்சு?" என்றேன். ஊருக்கு உபதேசம் செய்யும்போது ஒரு தனி சுகம் இருக்கத்தான் செய்கிறது.

இங்கே என் வீட்டு விவரம் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்களுக்குத் தென்னந்தோப்பு இருக்கிறது. மூன்று போர்வெல்கள் ஒவ்வொன்றாகச் செத்தபின், நான்காவதுதான் கடைசி, இனி பூமியில் ஊசிகூடக் குத்த மாட்டேன் என்று என் வீட்டுக்காரர் கோயில் வாசலில் நின்று சொன்னார். அந்த நான்காவதில் நானூற்று முப்பதிலேயே தண்ணீர் கிடைத்துவிட்டது என்று சொன்னபோது எனக்கும் சந்தோஷம்தான். வீட்டுத் தொட்டி எப்போதும் தளும்பும். ஆனால் ஒரு வருடம் கழித்து, பக்கத்திலேயே இன்னொன்று போட்டால் வாழை வைக்கலாம் என்று ஆரம்பித்தார். அதற்கு என் சைட்டை விற்க வேண்டும்.

அந்த சைட் சரவணம்பட்டிக்கு அப்பால் இருக்கிறது, நாலு சென்ட். என் அப்பா எனக்கென்று வாங்கிப் போட்டது. ஓய்வு பெற்றபின் அங்கே இரண்டு அறை கட்டி, ஜன்னல் வைத்து, யாருக்கும் மோர் கலக்காமல் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது என் ஆசை. இந்த உலகத்தில் என் பெயரில் இருந்த ஒரே மண் அதுதான். எனக்கு மனசே இல்லை. இருந்தாலும், நானூற்று முப்பதில் இரண்டு இஞ்ச் கொட்டுகிற பூமி ஏமாற்றாது என்று அவர் சொன்னதை நம்பி, தை பிறந்ததும் கையெழுத்துப் போடுகிறேன் என்று சம்மதித்திருந்தேன். தேங்காயை உள்ளங்கையில் வைத்து நீரோட்டம் பார்ப்பவர்கூட வந்துபோய்விட்டார். தேங்காய் செங்குத்தாக எழுந்து நின்றதாம். அவர் கையில் நிற்காத தேங்காயை நான் கேள்விப்பட்டதில்லை.

வகுப்பில் என் முழக்கம் முடிந்த மறுநாள், கடைசி வரிசையில் உட்காரும் ஒரு பெண் தயங்கித் தயங்கி வந்தாள்.

"டீச்சர், எங்கப்பா நோட்டுல எல்லாம் இருக்குங்க."

அவள் அப்பா மோட்டார் எடுத்து விடுகிறவர். போர்வெல்லுக்குள் இறங்கிய மோட்டார் பழுதானால் கப்பி கட்டி மேலே இழுத்து, சரிசெய்து, திரும்ப இறக்குவார். மோட்டாரோடு சேர்ந்து குழாய்களும் ஒவ்வொன்றாக மேலே வரும். ஒரு குழாய் இருபது அடி. திரும்ப மாட்டும்போது கணக்குத் தப்பக் கூடாது என்பதற்காக, எந்தத் தோட்டத்தில் போர் எத்தனை அடி, எத்தனை குழாய், தண்ணீர் எத்தனை அடியில் நின்றது, எத்தனை இஞ்ச் கொட்டியது என்று அவர் எழுதி வைத்துக்கொள்வார். ஊரில் பொய் சொல்லாத ஒரே நோட்டு அது. ஆனால் அது வெளியே தெரிந்தால் அவரை ஒருவரும் தோட்டத்துக்குள் விட மாட்டார்கள்.

நான் அவரைப் போய்ப் பார்த்தேன். பெயர் எதுவும் வராது, நம்பர் மட்டும்தான் என்றேன். நோட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "புள்ள படிப்புக்குங்கறீங்க. சரிங்க. ஆனா என்ற புள்ளதான் எழுதோணும், நோட்டு வேற கைக்குப் போகக் கூடாதுங்க," என்றார்.

ஒரு வாரத்தில் அந்தப் பெண் அட்டவணையைத் திருத்தினாள். ஐந்நூறெல்லாம் ஆயிரமாயிற்று. மூன்று இஞ்செல்லாம் கால் இஞ்சாயிற்று. அட்டவணை பார்க்கப் பயங்கரமாகவும் அழகாகவும் இருந்தது. முப்பத்தொன்றாம் நம்பரை மட்டும் அவள் தொடவில்லை. டீச்சர் எழுதியது சரியாகத்தானே இருக்கும் என்று நானும் பெருமையாக நினைத்துக்கொண்டேன்.

இரண்டாவது அழைப்பின்போது தலைமையாசிரியர் ஒரு கூட்டத்துக்குக் கோவை போயிருந்தார். ஆகவே பொன்னாடை இல்லை. கம்பி போட்ட பையன் வரைபடத்தைத் திரையில் விரித்தான். ஆழம் கூடக் கூட நிறம் கறுத்துக்கொண்டே போகிறது. எங்கள் ஊர் முழுக்கக் கன்னங்கரேல் என்று இருந்தது. நடுவில் ஒரே ஒரு வெளுத்த புள்ளி.

"முப்பத்தொன்று," என்றான் அவன். "சுற்றிலும் எல்லாமே தொள்ளாயிரத்துக்கு மேல். இது மட்டும் நானூற்று முப்பது. பாறைக்கு இது பொருந்தவில்லை. தவறு நடந்திருக்கலாம். அந்தக் குடும்பத்திடம் இன்னொரு முறை கேட்க முடியுமா?"

எனக்குச் சுருக்கென்றது. "தேவையில்லை. அந்தக் குடும்பத்தை எனக்கு நன்றாகத் தெரியும்," என்றேன்.

பையன் தோளைக் குலுக்கினான். மோட்டார்க்காரர் மகள் மேசையைப் பார்த்தபடி குனிந்துகொண்டாள். முப்பத்தெட்டுப் பிள்ளைகளில் அவள் ஒருத்தி மட்டும் குனிந்ததை நான் கவனித்துவிட்டேன். மணி அடித்ததும் அவளை நிறுத்தினேன்.

"என்ன கண்ணு?"

"ஒண்ணுமில்லீங்க டீச்சர்."

"சொல்லு. திட்ட மாட்டேன்."

அவள் பாவாடை நுனியைத் திருகினாள். "அப்பா நோட்டுல உங்க ஊட்டுது அம்பத்திரண்டு கொழாய்ங்க டீச்சர். போரு ஆயிரத்து எம்பது அடிங்க. அதுலயும் சும்மா ஊறல்தானுங்க, தண்ணி நிக்கறதில்லீங்க. ரெண்டு மாசத்துக்கு முன்னால அப்பா மோட்டார எடுத்தாருங்க. டீச்சருக்குத் தெரியக் கூடாதுன்னு உங்க ஊட்டு சார் சொல்லிப்போட்டாருங்களாம். அதான் உங்களுத மட்டும் தொட வேண்டாம்னு அப்பா சொன்னாருங்க." பிறகு அவசரமாக, "தப்பா நெனச்சுக்காதீங்க டீச்சர்," என்றாள்.

நான் அவளைப் போகச் சொன்னேன். அவமானமாக இருந்தது. ஒரு பதினான்கு வயதுப் பெண் என் மானத்தைக் காப்பாற்ற ஒரு வாரமாக வாயைக் கட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். நானோ கரும்பலகைக்கு முன்னால் அரிச்சந்திரன் வேஷம் கட்டியிருக்கிறேன்.

தொட்டி எப்படித் தளும்புகிறது என்பது மட்டும் புரியவில்லை. மறுநாள் அரைநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, பதினொரு மணிக்கே ஸ்கூட்டியைத் திருப்பினேன். வீட்டு வாசலில் ஒரு தண்ணீர் லாரி நின்றிருந்தது. அதன் குழாய் எங்கள் தொட்டிக்குள் இறங்கியிருந்தது. குழாயைப் பிடித்துக்கொண்டு, வேட்டியை மடித்துக் கட்டி, என் வீட்டுக்காரர் நின்றிருந்தார். நான் ஒன்பதுக்குப் போய் ஐந்துக்கு வருகிறவள். ஒரு வருடமாக லாரித் தண்ணீரில் குளித்து, அதையே போர்வெல் தண்ணீர் என்று நினைத்துக்கொண்டிருந்த அறிவியல் ஆசிரியை. நல்லாசிரியர் விருதுக்கு விண்ணப்பிக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன் வேறு.

லாரி டிரைவர் என்னைப் பார்த்ததும் தூரத்து மரத்தை ஆராய ஆரம்பித்தார். அவர் போகும்வரை பொறுத்திருந்தேன்.

"ஆயிரத்து எம்பதுங்களா?" என்றேன்.

என் வீட்டுக்காரர் மறுக்கவில்லை. குழாய் இருந்த இடத்தில் சிந்திய தண்ணீரைக் காலால் தள்ளிக்கொண்டே இருந்தார். "கோயில் வாசல்ல அப்படிச் சொல்லிப்போட்டேன். அப்பறம் இதுவும் போச்சுன்னு எந்த வாய வெச்சுச் சொல்றது? இன்னொண்ணுல தண்ணி வந்தா இத மறச்சரலாம்னு பாத்தேன். வெளிய எல்லார்த்துகிட்டயும் நானூத்தி முப்பதுன்னுதான் சொன்னேன். ஊருக்குச் சொன்னதையே உனக்கும் சொல்லிப்போட்டேன். அவ்வளவுதான், அம்மணி."

எனக்கு சைட்கூட அப்போது ஞாபகம் வரவில்லை.

"நான் ஊருங்களா?" என்று கேட்டேன்.

நான் உள்ளே போய் அழுதேன். நன்றாகவே அழுதேன். அப்புறம் முகம் கழுவினேன், அந்த லாரித் தண்ணீரில்தான். சாயங்காலம் அவரிடம், "கையெழுத்துக் கிடையாதுங்க," என்றேன். சைட் பேசியிருந்த தரகருக்கும் நானே போன் போட்டுச் சொல்லிவிட்டேன்.

மறுநாள் வகுப்பில் கரும்பலகையில் முப்பத்தொன்று என்று எழுதி, ஆயிரத்து எண்பது, ஊறல் என்று போட்டேன். இது யார் வீடு என்றும் சொன்னேன். பிள்ளைகள் சிரிப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. அவர்கள் மரியாதை தெரிந்த பிள்ளைகள். இடைவேளைக்கு வெளியே போய்ச் சிரித்தார்கள்.

வீட்டில் ஒன்பது நாள் பேச்சு இல்லை. சோறு போடுவேன், சாப்பிடுவார். பத்தாம் நாள் அவரே வாயைத் திறந்தார்.

"அந்தப் படம் எங்க?"

மடிக்கணினியைத் திறந்து காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஊரை ஒவ்வொரு தோட்டமாகப் பார்த்தார். ஊர்க்காரர்கள் இத்தனை வருடமாகச் சொன்ன பொய் முழுக்க அங்கே கறுப்பாகக் கிடந்தது. வாய்விட்டுச் சிரித்தார். பிறகு எங்கள் தோட்டத்தைப் பார்த்தார், சிரிப்பு நின்றது.

"அந்தப் பையன்கிட்டக் கேளு. எங்க போட்டா தண்ணி வரும்னு."

வேடிக்கை பாருங்கள். பெற்ற மகனைப்போல நம்பிய தேங்காய்க்காரரை விட்டுவிட்டு, கடலுக்கு அடியில் உட்கார்ந்திருக்கும் ஒரு பொடியனிடம் வாக்குக் கேட்கிறார். நான் எழுதிக் கேட்டேன். மறுநாள் பதில் வந்தது. எங்கள் ஆட்கள் யாராக இருந்தாலும் 'பாக்கலாமுங்க', 'கடவுள் விட்ட வழிங்க' என்று நாலு வரி பூசி மெழுகியிருப்பார்கள். அவன் ஒரே வரியில் எழுதியிருந்தான்: எங்கேயும் வேண்டாம்.

நான் அதைத் தமிழில் சொன்னேன். என் வீட்டுக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "செரி," என்றார். எங்கள் வீட்டுப் போர்வெல் சரித்திரம் அந்த ஒரு சொல்லோடு முடிந்தது.

அங்கேயே நின்றிருந்தால் நல்ல கதை. ஆனால் பொய்யை விட்ட மனிதருக்கு உண்மை சொல்லும் ஆசை வந்துவிட்டது. அந்த வாரமே வேலியோரம் நின்ற பக்கத்துத் தோட்டத்துக்காரரிடம் அவராகவே போய், "நம்முளுது ஆயிரத்து எம்பது அடிங்க. ஒண்ணுமே இல்லீங்க. இனிப் போர் போடறாப்பல இல்லீங்க," என்று சொல்லியிருக்கிறார்.

எங்கள் ஊரில் இதற்கு என்ன அர்த்தம் என்று முன்பே சொன்னேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வேலிக்கு அந்தப் பக்கம், பத்தடி தள்ளி, போர்வெல் வண்டி வந்து நின்றது. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதை கேட்டிருக்கிறேன். எங்கள் பூதம் வேலி தாண்டிப் போய்ப் புறப்பட்டது.

மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். வரைபடத்தைக் காட்டி, இங்கே பாருங்க, அங்கே பாருங்க என்று மூச்சிரைக்கச் சொன்னேன். அவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"செரிங்க டீச்சர். நீங்க சொன்னாச் செரியாத்தானுங்க இருக்கும். ஒரு வா டீ குடிச்சுட்டுப் போலாங்க," என்றார்.

நான் திரும்பி நடக்கும்போது அவர் வண்டிக்காரரிடம் சொன்னது என் காதில் விழுந்தது. "இத்தன தூரம் ஓடியாந்து வேண்டாங்கறாங்க பாருங்க. கீழ கண்டிப்பாத் தண்ணி இருக்குது. எத்தன அடியானாலும் உடுங்க."

ஓடாமல் இருந்திருந்தால் ஒருவேளை எண்ணூறில் நிறுத்தியிருப்பார். சாயங்காலம்வரை வேலியோரம் நின்று, இறங்குகிற இரும்பு ராடுகளை எண்ணினேன். அறுபது ராடு, ஆயிரத்து இருநூறு அடி. தண்ணீர் வரவில்லை, புகை மட்டும் வந்தது. பாறை மாவு வெள்ளையாக எழும்பி எங்கள் தென்னை ஓலைகள் மேல் படிந்தது. என் வீட்டுக்காரர் பக்கத்தில் வந்து நின்றார். "நெசத்தத்தான சொன்னேன்," என்றார் பரிதாபமாக. எனக்குச் சிரிப்பதா திட்டுவதா என்று தெரியவில்லை.

திங்கட்கிழமை அறுபத்திரண்டாம் நம்பராக அதைப் பதிந்தோம். கம்பி போட்ட பையன் உடனே கேட்டு எழுதினான்: அந்த மனிதருக்கு வரைபடத்தைக் காட்டவில்லையா? காட்டினோம் என்று எழுதினோம். பிறகு ஏன் தோண்டினார் என்று கேட்டான். வகுப்பு முழுக்க யோசித்தது. கடைசியில் மோட்டார்க்காரர் மகள்தான் தட்டச்சு செய்தாள்: நாங்கள் உண்மையைச் சொன்னோம், அதனால்.

பக்கத்துத் தோட்டத்துக்காரர் எழுநூறு அடியில் இரண்டு இஞ்ச் கிடைத்ததாக டீக்கடையில் சொன்னார் என்று தலைமையாசிரியர் வந்து சொன்னார். வாழ்த்துச் சொல்லிவிட்டு வந்தாராம்.

புதன்கிழமை காலையில் நான் பள்ளிக்குக் கிளம்பும்போது, பக்கத்துத் தோட்டத்து வீட்டம்மா வேலியோரம் இரண்டு குடங்களோடு நின்றிருந்தார். இருபது வருடமாகத் தண்ணீருக்கென்று அவர் எங்கள் பக்கம் வந்ததில்லை.

"ஏனுங்க டீச்சர், ரெண்டு கொடம் கெடைக்குங்களா?"

"அதுக்கென்னங்க. ஆனா லாரித் தண்ணிங்க. எங்க போர்ல ஒண்ணுமில்லீங்க."

அவர் என் முகத்தையே பார்த்தார். "எங்களுதுலயும் ஒண்ணுமில்லீங்க," என்றார். பிறகு, "எங்கப்பா எனக்குக் குடுத்த எடமுங்க டீச்சர், அன்னூர் ரோட்டு மேல. போன வாரந்தான் கையெழுத்துப் போட்டேன்," என்றார்.

அவர் கையிலிருந்த குடத்தை வாங்கித் தொட்டியில் அமுக்கி, விளிம்பு வரை நிரப்பிக் கொடுத்தேன்.